கொர்டீலியா சாகாத காலம்

ஆங்கில நாடகம் பற்றிப் பேச முற்படுவோர் அதனைத் துன்பியல், இன்பியல் என இரண்டாக வகுத்துக்கொண்டு தொடங்குவது வழக்கம். ஈற்றில் மரணம் நிகழ்ந்தால் துன்பியல், மணம் நிகழ்ந்தால் இன்பியல் என்பது பாடசாலையில் நாம் கற்ற எளிய சூத்திரம். இந்தப் பகுப்பு நூலறிஞரின் வசதிக்காக ஏற்பட்ட வெறும் பெயர்ப்பலகை என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் ஒரு நாடகத்துக்கு நாம் சூட்டும் வகைப்பெயர், அதைப் பார்க்க வருபவனுக்குக் கொடுக்கும் ஒரு வாக்குறுதியும் ஆகும். அந்த வாக்குறுதி மீறப்படும்போது பார்வையாளர் என்ன செய்வர்? இதற்கு விடை தரக்கூடிய நாடகம் ஒன்று ஆங்கில அரங்க வரலாற்றில் உண்டு. ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' அது. 1681ஆம் ஆண்டு தொடக்கம் 1838ஆம் ஆண்டு வரை, 157 ஆண்டுகளாக, அந்நாடகம் தனக்குரிய பாத்திரங்கள் அனைத்தோடும் தனக்குரிய முடிவோடும் லண்டன் மேடையில் நடிக்கப்படவில்லை. இத்தொடரில் இன்று அந்த விசித்திரமான வரலாற்றை நோக்குவோம்.

கதை நேயர்களிற் பலருக்குத் தெரிந்ததே. பிரித்தானியாவின் முதிய அரசன் லியர், நாட்டைத் தன் மூன்று மகள்மாருக்கும் பங்கிட எண்ணுகிறான். தன்மீது யாருக்கு அன்பு அதிகம் என்று அவர்களைக் கேட்கிறான். மூத்தவர்களான கொனெரிலும் ரீகனும் வாயாரப் புகழ்கின்றனர். இளையவள் கொர்டீலியாவோ புகழ மறுக்கிறாள். சினங்கொண்ட தந்தை சீதனமேதுமின்றி அவளைத் துரத்துகிறான். பிரான்ஸ் தேசத்து அரசன் அவளை வெறுங்கையோடு ஏற்றுக்கொள்கிறான். நாட்டைப் பெற்ற இரு மகள்மாரும் கிழவனைப் புயலிலும் மழையிலும் வெளியே விட்டுக் கதவை அடைக்கின்றனர். அவனுக்குச் சித்தம் கலங்குகிறது. இதற்குச் சமாந்தரமாக இன்னொரு தந்தையின் கதையும் செல்கிறது. குளொஸ்ரர் என்ற பிரபு, முறைதவறிப் பிறந்த மகன் எட்மண்டின் பொய்யை நம்பி, நல்ல மகன் எட்காரை இழக்கிறான்; பின்னர் தன் இரு கண்களையும் இழக்கிறான்.

கொர்டீலியா படையோடு வந்து தந்தையைத் தேடிச் சேர்கிறாள். ஆனால் போரில் தோற்று இருவரும் சிறைப்படுகின்றனர். எட்மண்டின் இரகசியக் கட்டளைப்படி கொர்டீலியா சிறையில் தூக்கிலிடப்படுகிறாள். கட்டளையை நிறுத்தும்படி அனுப்பிய ஆள் போய்ச் சேரும்போது காரியம் முடிந்துவிடுகிறது. இறந்த மகளைக் கைகளில் ஏந்தி வரும் லியர், அவள் உடலருகே தானும் உயிர்விடுகிறான்.

இந்த முடிவு ஷேக்ஸ்பியருக்கு முன்னோர் விட்டுச்சென்ற முடிவு அன்று. லியரின் கதை அவர் காலத்துக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. 12ஆம் நூற்றாண்டில் மொன்மத் ஊர் ஜெப்ரி இலத்தீனில் எழுதிய பிரித்தானிய அரசர் வரலாற்றில் அது இடம்பெற்றுள்ளது. 16ஆம் நூற்றாண்டில் ஹொலின்ஷெட் வெளியிட்ட வரலாற்றுத் தொகுப்பிலும் உள்ளது. இவற்றில் கொர்டீலியாவின் படை வெல்கிறது. லியர் மீண்டும் அரியணை ஏறிச் சில ஆண்டுகள் ஆண்டபின் இறக்கிறான். பிற்காலத்தில் அரசியான கொர்டீலியா, தமக்கையரின் புதல்வரால் தோற்கடிக்கப்பட்டுச் சிறையில் தன்னை மாய்த்துக்கொள்கிறாள் என்பது தனியான பின்கதை. 1594ஆம் ஆண்டில் லண்டன் றோஸ் அரங்கில் லியர் கதை நாடகமாக ஆடப்பட்டதை, அரங்கின் உரிமையாளர் ஹென்ஸ்லோ எழுதிவைத்த கணக்குப் புத்தகம் காட்டுகிறது. 1605இல் அச்சேறிய பழைய லியர் நாடகமும் தந்தையும் மகளும் வெற்றியோடு நாடு மீள்வதாகவே முடிகிறது.

ஆகவே 1606ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, வைற்ஹோல் மாளிகையில் முதலாம் ஜேம்ஸ் மன்னன் முன்னிலையில் ஷேக்ஸ்பியரின் நாடகம் ஆடப்பட்டபோது, கதை தெரிந்தவர்கள் கொர்டீலியா பிழைப்பாள் என்றே எதிர்பார்த்திருப்பர். நாடகமும் அந்த எதிர்பார்ப்பை வளர்த்தே செல்கிறது. தந்தையும் மகளும் சேர்ந்துவிட்டனர். எட்கார் எட்மண்டை வீழ்த்திவிட்டான். கொடிய சகோதரிகள் இருவரும் மாண்டுவிட்டனர். கட்டளையை நிறுத்த ஆளும் ஓடிவிட்டான். இன்பமாக முடிவதற்கு வேண்டிய அனைத்தும் ஆயத்தம். அந்த வேளையிலேதான் லியர் பிணத்தோடு நுழைகிறான். 1608இல் வெளிவந்த முதற் பதிப்பு தன்னைத் துன்பியல் என்று அழைத்துக்கொள்ளவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. லியர் மன்னனும் மூன்று மகள்மாரும் பற்றிய மெய்வரலாறு என்றே அதன் முகப்பு கூறிற்று.

'துன்பியல்' என்ற பெயரை அதற்கு உறுதிசெய்தது 1623இல் வெளிவந்த பெருந்தொகுப்பு. ஷேக்ஸ்பியர் மறைந்து ஏழு ஆண்டுகளின் பின், அவருடைய நாடகக் குழுவைச் சேர்ந்த ஜோன் ஹெமிங்சும் ஹென்றி கொண்டெலும் 36 நாடகங்களைத் திரட்டி அதனை வெளியிட்டனர். இன்பியல், வரலாறு, துன்பியல் என்று மூன்றாக அவற்றை வகுத்தவர்களும் அவர்களே. அந்த வகுப்பு எவ்வளவு நெகிழ்ச்சியானது என்பதற்கு அத்தொகுப்பிலேயே சான்றுகள் உண்டு. மகிழ்ச்சியோடு முடியும் 'சிம்பெலின்' துன்பியல் வரிசையிற் கடைசியாக நிற்கிறது. 'ட்ரொயிலசும் கிரெசிடாவும்' பொருளடக்கத்தில் இல்லாமலே, வரலாற்றுக்கும் துன்பியலுக்கும் இடையே செருகப்பட்டிருக்கிறது. இன்று நாம் கையாளும் வேறு பெயர்கள் பிந்தியவை. பிற்கால நாடகங்கள் சிலவற்றை 'ரொமான்ஸ்' என்று 19ஆம் நூற்றாண்டில் அழைத்தவர் எட்வேட் டௌடன். வேறு சிலவற்றைச் 'சிக்கல் நாடகங்கள்' என்று 1896இல் அழைத்தவர் எவ். எஸ். போவாஸ். நாடகங்கள் முதலிலும் வகைகள் பின்னரும் பிறந்தன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வகைகளைக் கலக்கலாமா என்ற கேள்வி ஷேக்ஸ்பியர் எழுதத் தொடங்குமுன்னரே எழுந்துவிட்டது. சேர் பிலிப் சிட்னி, 1595இல் அச்சான தமது கவிதை பற்றிய நூலில், அரசரையும் கோமாளிகளையும் ஒரே மேடையில் கலக்கும் அக்கால வழக்கத்தைக் கண்டித்தார். அவர் கண்டித்த காரியத்தையே 'லியர்' மிகத் துணிவாகச் செய்தது. புயற்காட்சியில் முடியிழந்த அரசனும் அவனுடைய கோமாளியும் பைத்தியக்காரனாக நடிக்கும் எட்காரும் ஒன்றாக நனைகின்றனர். அரசனுக்கு உண்மையைச் சொல்லும் உரிமை கோமாளிக்கே எஞ்சியிருக்கிறது. நாட்டைக் கொடுத்துவிட்டுத் தந்தை பிள்ளையாகிவிட்டான் என்பதை அவன் விடுகதையாலும் பாட்டாலும் குத்திக் காட்டுகிறான். சிரிப்பு இங்கே துன்பத்தை ஆற்றுவதில்லை, கூர்மையாக்குகிறது. இக்கலப்பையே அடுத்த தலைமுறையினர் சகிக்க முடியாமற் போயினர்.

போருக்குப் பின் வந்த அரங்கு

1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது. நாடாளுமன்றம் நாடக அரங்குகளை மூடியது. 1649இல் முதலாம் சாள்ஸ் மன்னன் மக்கள் முன்னிலையில் தலை வெட்டப்பட்டான். 1660இல் அவனுடைய மகன் இரண்டாம் சாள்ஸ் பிரான்சிலும் ஒல்லாந்திலும் அலைந்து திரிந்து நாடு மீண்டான். அரங்குகள் திறந்தன. ஆனால் திறந்த அரங்கு பழைய அரங்கு அன்று. கூரையிட்ட மண்டபம், வரைந்த காட்சித் திரைகள், பெண் வேடங்களைப் பெண்களே ஏற்று நடித்தல் என்பன வந்தன. பிரெஞ்சு நாடகத்தின் ஒழுங்கைப் போற்றும் சுவையும் வந்தது. டேவனன்ற், கில்லிகுரூ ஆகிய இருவருக்கே நாடகம் நடத்தும் உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது.

இக்காலப் பார்வையாளரின் மனநிலையைக் காட்டும் ஒரு செய்தியை ஜோன் டௌன்ஸ் என்பவர் பதிவுசெய்திருக்கிறார். இவர் டேவனன்ற் குழுவில் நடிகருக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவராக இருந்து, 1708இல் தம் நினைவுகளை நூலாக்கியவர். ஜேம்ஸ் ஹவார்ட் என்பவர் 'றோமியோவும் ஜூலியற்றும்' நாடகத்தைக் காதலர் இருவரும் பிழைப்பதாக மாற்றி எழுதினார். மூல நாடகம் ஒரு நாள், மாற்றிய நாடகம் மறுநாள் என்று மாறி மாறிப் பல நாட்கள் இரண்டும் ஆடப்பட்டனவாம். அழ விரும்பியவர் ஒரு நாளும் மகிழ விரும்பியவர் மறுநாளும் போகலாம். வகை என்பது சந்தையில் வைக்கப்பட்ட இரு பண்டங்கள் போல ஆகிவிட்டதை இச்செய்தி நன்கு காட்டுகிறது.

இந்தச் சூழலிலேதான் 1681இல் நேகம் ரேற் என்ற அயர்லாந்துக் கவிஞர் 'லியர் மன்னன் வரலாறு' என்ற நாடகத்தைத் தந்தார். இவர் 1692இல் அரசவைக் கவிஞரானவர். ஷேக்ஸ்பியரின் நாடகம் தமக்குக் கோக்கப்படாமற் கிடந்த மணிகளின் குவியலாகத் தோன்றியது என்ற கருத்துப்பட அவர் முன்னுரையில் எழுதினார். அவற்றைக் கோப்பதற்கு அவர் கண்ட நூல் காதல். எட்காரும் கொர்டீலியாவும் தொடக்கத்திலிருந்தே காதலர் என்று அவர் ஆக்கினார். பிரான்ஸ் அரசனை நீக்கினார். கோமாளியை அடியோடு நீக்கினார். கொனெரிலும் ரீகனும் ஒருவருக்கொருவர் நஞ்சிடுகின்றனர். சிறையில் கொலைஞர் வரும்போது லியர் ஆயுதத்தைப் பறித்து இருவரைக் கொல்கிறான். அதற்குள் எட்காரும் உதவியோடு வந்துவிடுகிறான். அரசை மீளப்பெற்ற லியர் அதனை எட்காருக்கும் கொர்டீலியாவுக்கும் அளித்து, குளொஸ்ரரோடும் கென்ற் பிரபுவோடும் அமைதியாக ஓய்வுபெறுகிறான்.

ரேற் செய்த மாற்றத்தை முடிவு பற்றியது மட்டுமே என்று கொள்வது தவறு. வகை மாறும்போது பாத்திரங்களின் உள்ளமும் மாறுகின்றது. ஷேக்ஸ்பியரின் கொர்டீலியா ஏன் தந்தையைப் புகழ மறுத்தாள்? அவளுடைய நேர்மையா, பிடிவாதமா, தமக்கையரின் பொய்யைக் கேட்ட அருவருப்பா என்று நாம் இன்றும் விவாதிக்கிறோம். ரேற்றின் நாடகத்தில் விவாதத்துக்கு இடமில்லை. தந்தை தன்னை வேறொருவனுக்குக் கொடுக்காதிருக்கவேண்டும், எட்காரை மணக்கவேண்டும் என்பதற்காகவே அவள் அப்படிப் பேசினாள். எட்கார் பைத்தியக்கார வேடமிட்டு நாட்டைவிட்டுப் போகாமல் நின்றதும் அவளுக்குத் துணையாக இருப்பதற்கே. ஒவ்வொரு செயலுக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. புதிதாக மேடைக்கு வந்த நடிகையருக்கு நல்ல பாத்திரமும் கிடைத்துவிடுகிறது. அக்காலத்தின் பெரும் நடிகை எலிசபெத் பரி கொர்டீலியாவாகவும், தோமஸ் பெற்றர்ற்றன் லியராகவும் நடித்தனர்.

இன்று ரேற்றை நகையாடுவது எளிது. ஆனால் அவர் எழுதிய ஆண்டை மறந்துவிடக்கூடாது. 1681இல் இங்கிலாந்து மீண்டும் ஓர் அரசுரிமைப் பிணக்கின் நடுவில் இருந்தது. அரசனின் சகோதரன் ஜேம்ஸ் கத்தோலிக்கன் என்பதால் அவனை விலக்கவேண்டுமென்று ஒரு சாரார் முயன்றனர். அரசனின் முறைதவறிய மகனான மொன்மத் பிரபுவை வேறு சிலர் முன்னிறுத்தினர். முறைதவறிய மகன் எட்மண்ட் தோற்று, துரத்தப்பட்ட அரசன் முடிபெறும் காட்சி அன்றைய மக்களுக்கு எதை நினைவூட்டியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அம்மண்டபத்தில் இருந்தவர்களிற் பலர் போரில் உறவினரை இழந்தவர்கள். அரசன் கொல்லப்பட்ட நாளைக் கண்டவர்களும் இருந்திருப்பர். இறந்த பிள்ளையைத் தந்தை ஏந்தி வருவதை அவர்கள் மேடையிற் காண விரும்பவில்லை என்பதில் வியப்பில்லை. நீண்ட போரின் ஆண்டுகளைக் கடந்து, 2009இன் பின்னும் பிள்ளைகளைத் தேடும் தாய்மாரின் நடுவே வாழும் நமக்கு இந்த மனம் அந்நியமானதன்று. கதையிலாவது அந்தப் பிள்ளை திரும்பி வரட்டும் என்று கேட்கும் மனம் அது.

அறமா, உண்மையா?

ரேற்றின் வெற்றிக்குக் கொள்கை ஆதரவும் இருந்தது. தோமஸ் ரைமர் என்ற திறனாய்வாளர் 1678ஐ அண்டி 'கவிதை நீதி' என்ற தொடரை வழக்கிற்குக் கொண்டுவந்தார். உலகில் நல்லவர் துன்புறுவதும் தீயவர் செழிப்பதும் உண்டு. ஆனால் கவிஞன் படைக்கும் உலகில் அவரவர்க்குரிய பயன் அவரவர்க்குக் கிட்டவேண்டும் என்பது அதன் சாரம். உண்மையில் இக்கேள்வி மிகப் பழையது. நல்லோர் வாழவும் தீயோர் அழியவும் முடியும் கதையை அரிஸ்ரோட்டில் தமது கவிதையியலில் இரண்டாந் தரத்திலேயே வைத்தார். பார்வையாளரின் பலவீனத்தாலேயே அத்தகைய முடிவு முதன்மை பெறுகிறது, அது தரும் இன்பம் இன்பியலுக்கு உரியது என்பது அவர் கருத்து. 1711இல் 'ஸ்பெக்ரேற்றர்' ஏட்டில் ஜோசப் அடிசன் இதே பக்கத்தில் நின்றார். கவிதை நீதி என்ற விதியை அவர் மறுத்து, திருத்தப்பட்ட லியர் தன் அழகிற் பாதியை இழந்துவிட்டதென்று எழுதினார்.

மறுபக்கத்தில் நின்றவர் எளியவரல்லர். ஆங்கில அகராதி தந்த டாக்டர் சாமுவேல் ஜோன்சன், 1765இல் வெளிவந்த தமது ஷேக்ஸ்பியர் பதிப்பில் ரேற்றின் முடிவை ஆதரித்தார். மனிதர் இயல்பாகவே நீதியை விரும்புகின்றவர்கள். ஆகவே நீதி நிலைபெறுவதைக் காட்டுவதால் ஒரு நாடகம் தாழ்ந்துவிடாது என்பது அவர் வாதம். பொதுமக்களும் கொர்டீலியாவின் பக்கமே தீர்ப்பளித்துவிட்டனர் என்றார். அதன்பின் தம்மைப் பற்றியும் ஒன்று கூறினார். இளமையில் கொர்டீலியாவின் மரணத்தைப் படித்து நிலைகுலைந்து போனதாகவும், பதிப்பாசிரியராகத் திருத்த நேரும்வரை அக்கடைசிக் காட்சிகளை மீண்டும் படிக்கத் துணிந்ததுண்டோ என்பது ஐயமே எனவும் எழுதினார். ஆகவே ஜோன்சன் ஷேக்ஸ்பியரின் முடிவை மறுத்தது அது பலிக்காமையால் அன்று; அளவுக்கு மீறிப் பலித்தமையால்.

இந்தக் கேள்வி நம் இலக்கியத்திலும் உண்டு. சிலப்பதிகாரம் படிப்பிக்கும்போது கோவலன் செய்யாத குற்றத்துக்கு ஏன் சாகவேண்டும் என்று மாணவர் என்னிடம் கேட்பதுண்டு. இளங்கோ அதற்கு விடை வைத்திருக்கிறார். மதுராபதித் தெய்வம் கண்ணகி முன் தோன்றி, முற்பிறப்பில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்த வினையே இப்பிறப்பில் வந்து மூண்டது என்று கூறுகிறது. அந்த விடை மாணவருக்கு அமைதி தருகிறதோ இல்லையோ, காப்பியம் ஒரு கணக்கைத் தீர்த்துக் காட்டுகிறது. வடமொழி நாடக மரபோ நாயகனின் மரணத்தோடு முடிப்பதையே தவிர்த்தது. கொர்டீலியாவுக்கு ஷேக்ஸ்பியர் எந்த முற்பிறப்பையும் தரவில்லை. நாடகத்தில் வருவோர் ஒவ்வொருவரும் தெய்வங்களைப் பற்றி ஒவ்வொன்று கூறுகின்றனர். கருணையுள்ளவர் என்கிறான் ஒருவன், விளையாட்டுக்காகக் கொல்பவர் என்கிறான் இன்னொருவன். எது மெய் என்று நாடகம் தீர்ப்புக் கூறுவதில்லை. இதையே ரைமரின் காலம் தாங்க மறுத்தது.

சுவாமி விபுலாநந்தர் இவ்விரு மரபுகளையும் ஒருங்கே நோக்கியவர். 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில் அவர் ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியார் என்று தமிழாக்கி, பன்னிரண்டு நாடகங்களை எடுத்து, நம் நாடக இலக்கணத்தோடும் தனஞ்சயனின் தசரூபகத்தோடும் வைத்து ஆராய்ந்தார். ஆங்கில நாடகத்தைச் சுவையின் வழி அணுகலாம் என்று அந்நூல் நமக்குக் காட்டியது. அந்த நோக்கில் பார்த்தால், ரேற் செய்தது அவலத்தை உவகையாக மாற்றியதே. ஆனால் அழுதபின் வரும் உவகைக்கும், அழுகையை மறந்துவிட்ட உவகைக்கும் வேறுபாடு உண்டு.

மீண்டு வந்த முடிவு

18ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த நடிகர் டேவிட் கரிக், 1742இல் தமது இருபத்தைந்தாவது வயதில் லியராக நடிக்கத் தொடங்கினார். மூலத்தின் வரிகள் பலவற்றை 1756இல் அவர் மீளச் சேர்த்தார். ஆயினும் ரேற்றின் முடிவையும் காதலையும் வைத்துக்கொண்டார், கோமாளியைக் கொண்டுவரவில்லை. 1768இல் ஜோர்ஜ் கோல்மன் காதற்கதையை நீக்கிப் பார்த்தார். அவரும் இன்ப முடிவிற் கைவைக்கவில்லை. கரிக்கின் லியர் மண்டபம் முழுவதையும் அழவைத்தது என்பர். அழுதவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகிழ்ந்த மனத்தோடு வீடு சென்றனர்.

1810இன் பின் சுமார் பத்தாண்டுகள் லியர் எந்த வடிவிலும் லண்டனில் ஆடப்படவில்லை. மூன்றாம் ஜோர்ஜ் மன்னன் முதுமையில் சித்தம் கலங்கியிருந்தான். பைத்தியமான முதிய அரசனை மேடையிற் காட்ட யாரும் துணியவில்லை. அவன் 1820 ஜனவரியில் இறந்தான். சில மாதங்களில் எட்மண்ட் கீன் லியராகத் தோன்றினார். முதலில் ரேற்றின் வடிவத்திலேயே நடித்த அவர், 1823 பெப்ரவரியில் துறூறி லேன் அரங்கில் மூல முடிவைக் கொண்டுவந்தார். இறந்த கொர்டீலியாவோடு லியர் மீண்டும் மேடைக்கு வந்தான். ஆனால் கீன் உருவத்திற் சிறியவர். கொர்டீலியாவாக நடித்தவரைத் தூக்கிவர அவர் பட்ட பாட்டைப் பார்த்துச் சபையில் சிரிப்பு எழுந்ததாகக் கூறுவர். சில நாட்களில் அவர் பழைய முடிவுக்கே திரும்பினார். பிணங்கள் நிறைந்த மேடை தகாத நேரத்தில் சிரிப்பை வரவழைக்கும் என்று ரேற் தம் முன்னுரையில் அஞ்சியிருந்தார். அந்த அச்சம் முற்றிலும் வீண் அன்று.

இதற்கிடையே படிப்பாளரின் கருத்து மாறிக்கொண்டிருந்தது. 1811இல் சாள்ஸ் லாம் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. அவருடைய வாதம் நீதி பற்றியதன்று. மனித உள்ளம் பற்றியது. இவ்வளவையும் அனுபவித்த ஒருவனுக்கு மறுபடியும் முடியையும் செங்கோலையும் கொடுத்தால் அவன் மகிழ்ந்துவிடுவானா என்று அவர் கேட்டார். உயிரோடு தோலுரிக்கப்பட்டவன் போன்ற லியருக்கு, வாழ்விலிருந்து விடுதலையே பொருத்தமானது என்பது அவர் கருத்து. இழந்த பொருளை மீளக் கொடுத்துவிட்டால் இழப்பு நீங்கிவிடும் என்ற எண்ணத்தையே லாம் மறுத்தார். ரேற்றின் நாடகத்துக்கு எதிராக எழுந்த வாதங்களில் இதுவே ஆழமானது என்பேன்.

1838 ஜனவரி 25ஆம் திகதி கொவென்ற் கார்டன் அரங்கில் வில்லியம் மக்ரெடி மூல நாடகத்தை மீட்டார். அவருக்கும் கடைசிவரை கோமாளி பற்றியே தயக்கம். நடிகர் ஒருவர், பெண் ஒருத்தி அப்பாத்திரத்தை ஏற்கலாம் என்று சொல்ல, பிறிசில்லா ஹோற்றன் என்ற இளம் நடிகையிடம் அது ஒப்படைக்கப்பட்டது. மெலிந்து நடுங்கும் ஒரு சிறுவனாக அக்கோமாளி தோன்றினான். ஒன்றரை நூற்றாண்டின் பின் அவன் குரல் புயலினூடே கேட்டது. முடிவைவிடக் கோமாளியே கடைசியாகத் திரும்பி வந்தான் என்பது கவனிக்கத்தக்கது. மரணத்தை ஏற்றுக்கொள்வதைவிட, மரணத்தின் அருகே சிரிப்பை ஏற்றுக்கொள்வது மேடைக்குக் கடினமாக இருந்திருக்கிறது.

இத்துடன் கதை முடியவில்லை. 1962இல் பீற்றர் புறூக், போல் ஸ்கோபீல்டை லியராகக் கொண்டு தயாரித்த நாடகம் இன்றும் பேசப்படுகிறது. போலந்து அறிஞர் யான் கொட், லியரைச் சாமுவேல் பெக்கற்றின் நாடகத்தோடு ஒப்பிட்டு எழுதியதன் செல்வாக்கு அதில் உண்டு. குளொஸ்ரரின் கண்கள் பிடுங்கப்பட்டபின் இரு வேலைக்காரர் இரங்கி, புண்ணுக்கு மருந்திட எண்ணும் சிறு பகுதி 1608 பதிப்பில் உண்டு. 1623 தொகுப்பில் இல்லை. புறூக் அதை நீக்கினார். சாகும்போது எட்மண்ட் நல்லது செய்ய முயல்வதையும் நீக்கினார். இரண்டு உலகப் போர்களையும் கண்ட காலத்துக்கு அந்த இரக்கம் பொய்யாகத் தோன்றியிருக்கலாம். ரேற் கொடுமையை வெட்டினார். புறூக் கருணையை வெட்டினார். நாடகம் தம் காலத்து மனத்துக்குப் பொருந்தவேண்டும் என்பதே இருவர் செய்கைக்கும் அடிப்படை. மூலமோ கொடுமையையும் மருந்திடும் கையையும் ஒரே காட்சியில் வைத்திருக்கிறது.

மூலம் என்று நாம் சொல்வதும் ஒன்றல்ல. 1608 பதிப்புக்கும் 1623 தொகுப்புக்கும் இடையே நூற்றுக்கணக்கான வரிகள் வேறுபடுகின்றன. ஷேக்ஸ்பியரே பின்னர் திருத்தினார் என்ற கருத்தை ஏற்று, 1986இல் வெளிவந்த ஒக்ஸ்போட் பதிப்பு இரண்டையும் இரு நாடகங்களாகவே அச்சிட்டது. கடைசிக் கணத்திலும் வேறுபாடு உண்டு. 1623 தொகுப்பில் மட்டும், இறக்கும் லியர் மகளின் உதடுகளைப் பார்க்கும்படி சுற்றி நிற்போரை அழைக்கிறான். அவள் மூச்சுவிடுவதாக நம்பி மகிழ்ச்சியோடே அவன் இறந்தான் என்று 1904இல் ஏ. சி. பிராட்லி எழுதினார். அது வெறும் மயக்கம் என்று மறுப்போரும் உளர். எப்படியாயினும், கொர்டீலியா உயிர்க்கவேண்டும் என்று முதன்முதல் விரும்பியவர் ரேற் அல்லர். ஷேக்ஸ்பியரின் லியரே அதை விரும்பினான். ரேற் அந்த விருப்பத்தை நிறைவேற்றிக் கொடுத்தார். ஷேக்ஸ்பியர் அதை நிறைவேற்றாமல், ஒரு தந்தை மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சில கணங்களை நமக்கு விட்டுச்சென்றார். துன்பியல் என்ற பெயருக்கு நான் அறிந்த பொருள் அதுவே.